கலைத்துப் போட்ட வரிசை

செகெட் நகரில் பிப்ரவரி.
திஸா ஆற்றில் பனிப்பாளம் உடையும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கிறது.
பொரோக்கா கண்ணாடிக் குழாயில் பிசின் மணிகளைக் குலுக்குகிறாள்.
மணலைவிடச் சன்னமானவை.
ஒவ்வொரு மணியிலும் கோடானுகோடிச் சங்கிலிகள்
ஒரே நேரத்தில் ஒரு கண்ணி வளர வேண்டும்.
மொத்தம் பன்னிரண்டு. இன்று ஏழாவது.
சோதனைச் சொட்டு நீலமாகிறது:
சில சங்கிலிகளில் இன்னும் சேரவில்லை. மறுபடி.

ஒவ்வொரு கண்ணிக்கும் தலையில் ஒரு தொப்பி.
கழற்றினால்தான் அடுத்தது கைகோக்கும்.
கழற்றும் திரவத்துக்குப் பிப்பெரிடின் என்று பெயர்,
மீன்கடைச் சாக்கடையில் மிளகைக் கொட்டிய நாற்றம்.
மிளகிலிருந்துதான் முதலில் எடுத்தார்களாம்.
நம் திப்பிலியின் பெயர் கப்பலேறி, நாக்குக்கு நாக்கு உருமாறி,
இந்தப் புட்டியிலும் வந்து ஒட்டியிருக்கிறது,
எதிர்க்கடையில் சரம்சரமாகத் தொங்கும் சிவப்புப் பாப்ரிகாவிலும்.
இதை அவளிடம் சொல்ல ஆளில்லை.
நான் இந்தக் கவிதைக்கு வெளியே நிற்கிறேன்.

அவர்கள் மொழியில் இந்த நோய்க்கு நண்டு என்று பெயர்.
நம் மொழியில் புற்று.
நம் சொல்லுக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும்:
மேட்டைக் கடப்பாரையால் இடிக்கலாம்,
ஓடுகிற கறையானையெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கலாம்,
அடியில் ஓர் அறையில்
ஓடாமல், பதறாமல்
படுத்திருக்கிறாள் தாய்.
மருந்துகளுக்கு ஓடுகிறவற்றைத்தான் கொல்லத் தெரியும்.
தூங்கும் குருத்தணுவின் கதவைத் தட்டி
யார் உள்ளே என்று கேட்கத் தெரியாது.

அதற்குத்தான் இந்தப் பன்னிரண்டு.
தாயின் மேலுடுப்பில் உள்ள ஒரே ஒரு புரதத்தை
இருட்டில் தடவிப் பிடித்துக்கொள்ள.
இயற்கை இடக்கைக் கண்ணிகளையே கோக்கும்.
இவள் இரண்டை வலக்கையாக மாற்றியிருக்கிறாள்,
உடம்பின் கத்தரிகளுக்கு அடையாளம் தெரியாமலிருக்க.

கூடவே இன்னொன்றும் செய்தாக வேண்டும்:
அதே பன்னிரண்டு, வரிசை மட்டும் கலைத்தது.
கவிதை என்பதைத் தைவிக என்று எழுதுவது மாதிரி.
எண்ணிக்கை சரி, எடை சரி, பொருள் இல்லை.
அது ஒன்றும் செய்யக் கூடாது.
செய்யாமலிருப்பதுதான் அதன் வேலை.

அணுக்களை உறைகலத்திலிருந்து வில்மோஷ் எடுத்து வந்தார்.
எண் முப்பத்தொன்று. பெண், வயது ஐம்பத்து நான்கு,
ஒன்பது ஆண்டுக்குப் பின் திரும்ப வந்தது.
ஏட்டில் அவ்வளவுதான்.
மற்றப் புட்டிகளை விரலிடுக்கில் நாலைந்தாய்த் தூக்கி வருகிறவர்
இதை மட்டும் இரண்டு கையாலும் பிடிப்பார்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை, நுண்ணோக்கியின் கீழ்:
சரியான வரிசை ஊற்றிய தட்டில்
உருண்டைகள் உருண்டைகளாகவே மிதந்தன,
கோலிக்குண்டு மாதிரி, நல்ல ஆரோக்கியத்தோடு.
கலைத்த வரிசையின் தட்டில்
ஒன்றுகூட முழுதாக இல்லை.
பக்கத்தில் நல்ல அணுக்கள் இருந்த தட்டு. அதே துளி.
அங்கே ஒரு சேதமும் இல்லை.

மூன்று முறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காவது முறை.
"சீட்டை மாற்றி ஒட்டியிருப்பாய்" என்றாள் ஹொய்னல்,
மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே.
இருக்கலாம்.
அல்லது, ஏழாவதில் வந்த அந்த நீலம்.
அல்லது, இரண்டு ஆண்டுகளாகத் தப்பான கதவில் நின்றிருக்கிறோம்.

எடை போட்டுப் பார்த்துப் பயனில்லை, இரண்டும் ஒரே எடை.
துண்டு துண்டாக உடைத்துத்தான் வரிசையைப் படிக்க வேண்டும்.
உடைக்கிற இயந்திரம் திங்கள்வரை வேறொருவருக்கு.

எல்லோரும் போன பிறகு
இரண்டு குப்பிகளையும் உறைபெட்டியில் தள்ளித்தள்ளி வைத்தாள்.
வில்மோஷ் தட்டைத் திரும்ப வெதுவெதுப்பில் வைக்க வந்தார்,
கேட்கவில்லை.
அவள் குறிப்பேட்டைத் திறந்து
பொருளே இல்லாத அந்தப் பன்னிரண்டு எழுத்துகளை
ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.
ஐந்தாவதில் நாக்கு இடறியது.
முதலிலிருந்து.